கிடங்கின் அளவும் வாயிலின் அகலமும்

நுழையும்முன்

நியாயவிலைக் கடையில் சர்க்கரை வாங்கிக்கொண்டு வீடு திரும்புவதற்குள் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. வாங்கிய பொருள், அளவு, தொகை ஆகியவை எங்கோ ஓரிடத்தில் ஒரு வரியாகப் பதிவாகியுள்ளன என்பதே அதன் பொருள். மாநிலம் முழுவதும் இவ்வாறு சேரும் வரிகள் பல கோடி. அவற்றை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைத்து, கேட்ட கேள்விக்கு உரிய நேரத்தில் விடைகூற எத்தகைய கணினி வேண்டும்? பெருக்கலும் வகுத்தலும் அறிந்தோர் எவரும் செய்யக்கூடிய அக்கணக்கை இப்பாடம் விளக்குகிறது.

பத்தாயத்தின் வாய்

காவிரிப் படுகையின் பழைய வீடுகளில் நெல் சேமிக்கப் பத்தாயம் என்னும் மரப்பெட்டி இருந்தது. நெல்லை மேலே கொட்டுவர். தேவைப்படும்போது அடிப்பகுதியில் உள்ள சிறு வாயைத் திறந்து எடுப்பர். அன்றாடச் சமையலுக்கு அந்த வாய் போதும். திருமண வீட்டில் ஒரே நாளில் பல மூட்டை நெல் வேண்டுமென்றால், பத்தாயம் நிறைய நெல் இருந்தும் அந்தச் சிறு வாயின் முன் காத்திருக்க வேண்டியதுதான். பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலத்து நெற்களஞ்சியம் இன்றும் நிற்கிறது. அது 3,000 கலம் நெல் கொள்ளும் என்பர். எவ்வளவு கொள்ளும் என்பதைத்தான் நாம் நினைவில் வைத்துக்கொள்கிறோம். எவ்வளவு விரைவில் எடுக்கலாம் என்று யாரும் கேட்பதில்லை.

கணினி வாங்குவோரும் இதே தவற்றைச் செய்கின்றனர். சேமிக்க எவ்வளவு இடம் வேண்டும் என்று மட்டும் கணக்கிட்டு வாங்குகின்றனர். பிறகு விடைக்காக மணிக்கணக்கில் காத்திருக்கின்றனர்.

தரவுக்கிடங்கு என்பது யாது?

நியாயவிலைக் கடையின் விற்பனைக் கருவியோடு தொடர்புடைய தரவுத்தளம் ஒரு நேரத்தில் ஓர் அட்டையின் கணக்கைத் தேடி, ஒரு வரியை எழுதி முடிக்கும். அதன் வேலை சிறியது; ஆனால் நொடிதோறும் நிகழ்வது. தரவுக்கிடங்கின் இயல்பு வேறு. பல இடங்களில் எழுதப்பட்ட வரிகளை ஒன்றுசேர்த்து, ஒரே சீராக்கி, பல ஆண்டுகளுக்கு வைத்திருந்து, கோடிக்கணக்கான வரிகளை ஒரே மூச்சில் படித்து விடைகூறுவது அது. அமெரிக்கக் கணினி அறிஞர் பில் இன்மன் 1992ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இதற்கு நான்கு இயல்புகளை வகுத்தார்: பொருள்வாரியாக அமைதல், ஒருங்கிணைந்திருத்தல், காலத்தைக் குறித்துவைத்தல், ஒருமுறை சேர்ந்ததை அழிக்காதிருத்தல். இவற்றுள் நான்காவதுதான் வன்பொருள் வாங்குவோரைக் கவலைகொள்ளச் செய்வது. அழிக்காத கிடங்கு வளர்ந்துகொண்டே செல்லும் அல்லவா?

இடத்தின் கணக்கு

தமிழ்நாட்டில் 2 கோடிக்கும் மேற்பட்ட குடும்ப அட்டைகளும் 30,000-க்கும் மேற்பட்ட நியாயவிலைக் கடைகளும் உள்ளன. 2017 ஏப்ரலில் மின்னணுக் குடும்ப அட்டைகள் வழங்கப்படத் தொடங்கின. இவற்றின் விற்பனை வரிகளுக்கு ஒரு தரவுக்கிடங்கு அமைப்பதாகக் கொள்வோம். கீழே வருவது பயிற்சிக்காக நாம் போடும் கணக்கு. அரசு போட்ட கணக்கு அன்று. எளிமைக்காக அட்டைகளை 2 கோடி என்றும் கடைகளை 30,000 என்றும் எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அட்டைக்கும் மாதம் 4 பொருள்கள் வாங்கப்படுவதாகக் கொண்டால், மாதத்திற்கு 8 கோடி வரிகள். ஆண்டுக்கு 96 கோடி வரிகள்.

ஒரு வரியின் எடை என்ன? தேதிக்கு 4 பைட்டு, நேரத்திற்கு 4, கடை எண்ணுக்கு 4, அட்டை எண்ணுக்கு 4, பொருளின் குறியீட்டிற்கு 2, அளவுக்கு 4, தொகைக்கு 4, இரசீது எண்ணுக்கு 8 என மொத்தம் 34 பைட்டு. தரவுத்தள மென்பொருள் ஒவ்வொரு வரிக்கும் தன் பங்குக்குச் சில குறிப்புகளைச் சேர்த்துக்கொள்ளும்; பக்கங்களில் சிறிது இடத்தை வெற்றாக விட்டுவைக்கும். ஆகவே 50 பைட்டு எனக் கொள்வது தகும். 96 கோடியை 50-ஆல் பெருக்கினால் ஆண்டுக்கு 48 கிகாபைட்டு. ஐந்தாண்டுக்கு 240 கிகாபைட்டு.

இது விற்பனை வரிகளின் அளவு மட்டுமே. அட்டைகள், உறுப்பினர்கள், கடைகள் பற்றிய பட்டியல்களுக்கு ஏறத்தாழ 10 கிகாபைட்டு சேர்த்தால் 250 ஆகும். விரைவாகத் தேட உதவும் சுட்டு அட்டவணைகளும் முன்கூட்டியே கூட்டிவைக்கும் தொகைகளும் தரவின் அளவுக்கே இடம் கேட்கும், அதற்கு 250. வரிசைப்படுத்தும்போதும் புதிய தரவை ஏற்றும்போதும் மென்பொருளுக்குத் தற்காலிகக் களம் தேவை, அதற்கு 250. ஆக மொத்தம் 750 கிகாபைட்டு. கால் பங்கேனும் காலியாக இருந்தால்தான் வட்டு திணறாது என்பதால் 1000 கிகாபைட்டு, அதாவது 1 டெராபைட்டு வேண்டும். ஒரு வட்டு பழுதானால் மற்றொன்று கைகொடுக்க, அதே தரவை இரண்டு வட்டுகளில் எழுதிவைத்தால் 2 டெராபைட்டு.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. 1 டெராபைட்டு என அச்சிட்ட வட்டினைக் கணினியில் பொருத்தினால் சில இயங்குதளங்கள் 931 கிகாபைட்டு எனக் காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. வட்டு செய்வோர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகின்றனர். அந்த இயங்குதளங்கள் 1024-ஆக எண்ணுகின்றன.

விடை வியப்பளிக்கிறது. ஒரு மாநிலத்தின் ஐந்தாண்டு நியாயவிலைக் கணக்கு, ஒரு கையில் அடங்கும் இரண்டு வட்டுகளில் முடிந்துவிட்டது. கணக்கை இங்கேயே நிறுத்திக்கொள்வோர் பலர்.

வேகத்தின் கணக்கு

சுழலும் வன்தட்டு தொடர்ச்சியாகப் படிக்கும்போது நொடிக்கு ஏறத்தாழ 150 மெகாபைட்டு தரும். ஐந்தாண்டுத் தரவான 240 கிகாபைட்டையும் ஒருமுறை படித்து முடிக்க 1,600 நொடிகள், அதாவது 27 நிமிடங்கள் ஆகும். இது ஒருவர் ஒரு கேள்வி கேட்டால். பலர் ஒரே நேரத்தில் கேட்டால் நிலைமை அதனினும் மோசமாகும். வட்டின் முள் ஒருவருக்காக ஓரிடத்திலும் மற்றவருக்காக வேறிடத்திலும் தாவித் தாவிப் படிக்க வேண்டும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் வட்டில் ஒரு தாவலுக்கு ஏறத்தாழ 12 மில்லிநொடி ஆகிறது. நொடிக்கு எண்பது தாவல்களுக்கு மேல் அதனால் இயலாது.

ஆகவே வேகத்தை வேறு வழியில் கணக்கிட வேண்டும். முதலில் கேள்விகளை எண்ணுவோம். தமிழ்நாட்டில் 38 மாவட்டங்கள். காலை பத்து மணிக்கு அவற்றுள் பத்து மாவட்ட அலுவலகங்கள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்பதாகக் கொள்வோம். ஒவ்வொரு கேள்வியும் கடந்த மூன்று மாதத் தரவைப் படிக்கிறது. அது 12 கிகாபைட்டு. விடை 30 நொடிக்குள் வேண்டும். பத்துக் கேள்விக்கு 120 கிகாபைட்டு. 30 நொடியால் வகுத்தால் நொடிக்கு 4 கிகாபைட்டு.

நொடிக்கு 4 கிகாபைட்டு தர, 150 மெகாபைட்டு வேகமுள்ள வட்டுகள் எத்தனை வேண்டும்? 27. இடத்தின் கணக்கு 2 என்றது; வேகத்தின் கணக்கு 27 என்கிறது. இரண்டும் சரியே. இரண்டில் பெரியதைத்தான் வாங்கியாக வேண்டும். சுழலாத எஸ்.எஸ்.டி. வகை வட்டுகளில் சாதாரணமானது நொடிக்கு 500 மெகாபைட்டு அளவில் தரும் என்பதால் அவற்றில் 8 போதும். என்.வி.எம்.இ. வகையில் நொடிக்கு 3 கிகாபைட்டு தருபவை எளிதில் கிடைக்கின்றன. அவற்றில் 2 போதும்.

இக்கணக்கில் '30 நொடி' என்னும் எண் எங்கிருந்து வந்தது என்பதை நோக்குக. அது பொறியாளர் முடிவு செய்யும் எண் அன்று. விடையை வைத்துக்கொண்டு வேலை செய்யவேண்டிய வட்ட வழங்கல் அலுவலரிடம் கேட்டுப் பெற வேண்டிய எண். அவர் 'ஐந்து நிமிடம் பொறுப்பேன்' என்றால் 27 வட்டுகள் 3 ஆகிவிடும். கேட்காமலேயே வாங்கிய கணினிகள்தாம் நாட்டில் மிகுதி.

ஏனைய மூன்று உறுப்புகள்

வட்டிலிருந்து வரும் தரவைச் செயலி எண்ணிக் கூட்ட வேண்டும். இன்றைய செயலி ஒவ்வொன்றிலும் 'கோர்' எனப்படும் பல கணக்கிடும் பகுதிகள் உள்ளன. மைக்ரோசாஃப்ட் நிறுவனம் தன் தரவுக்கிடங்கு வழிகாட்டி ஒன்றில், எளிய கேள்விகளுக்கு ஒரு கோர் நொடிக்கு 200 மெகாபைட்டைக் கையாளும் எனத் தொடக்கக் கணிப்பாகக் கொண்டது. அவ்வளவையே நாமும் கொண்டால், 4 கிகாபைட்டுக்கு 20 கோர்கள் வேண்டும். கேள்வி சிக்கலானால் இந்த 200 பாதியாகக் குறையவும் கூடும்.

வட்டுகள் தனிப்பெட்டியில் இருந்து, வடம் வழியாகச் சேவையகத்தோடு இணைக்கப்படுமானால், அந்த வடமே பத்தாயத்தின் வாய். நொடிக்கு 1 கிகாபிட்டு என்னும் வலையமைப்பு 125 மெகாபைட்டுக்கு மேல் தராது. எட்டுப் பிட்டு சேர்ந்ததே ஒரு பைட்டு. 27 வட்டுகளை வாங்கி இவ்வடத்தில் இணைத்தால், ஒரே ஒரு வட்டின் வேகம்கூடக் கிடைக்காது. 10 கிகாபிட்டு வடங்கள் நான்கு இருந்தால்தான் நம் 4 கிகாபைட்டு வந்துசேரும்.

முதன்மை நினைவகத்தின் கதை சுவையானது. பத்து அலுவலகங்களும் கேட்பது அதே மூன்று மாதத் தரவைத்தான். முதலாமவருக்காக வட்டிலிருந்து படித்த 12 கிகாபைட்டை நினைவகத்திலேயே வைத்துக்கொண்டால், ஏனைய ஒன்பது பேருக்கு வட்டினைத் தொடவே வேண்டியதில்லை. அப்போது வட்டிலிருந்து வரவேண்டியது 30 நொடியில் 12 கிகாபைட்டு. அதாவது நொடிக்கு 400 மெகாபைட்டு. சுழலும் வட்டுகளே மூன்று போதும்! தரவுக்கு 12, பத்துக் கேள்விகளின் இடைக்கணக்குகளுக்கு 20, இயங்குதளத்திற்கும் பிறவற்றிற்கும் 8 எனக் கூட்டினால் 40. சந்தையில் கிடைக்கும் அளவில் 64 கிகாபைட்டு. ஆனால் ஐந்தாண்டுக் கேள்வி நினைவகத்தில் அடங்காது. மூன்று வட்டுகளோடு அதற்குப் பத்து நிமிடம் ஆகும். மாதம் ஒருமுறை கேட்கப்படும் கேள்விக்குப் பத்து நிமிடம் காத்திருக்கலாம் என்பது என் கருத்து.

நான் அறிந்த அலுவலகம் ஒன்றில், பள்ளிகளின் பத்தாண்டுத் தேர்வு மதிப்பெண்களைச் சேர்த்துவைக்கச் சேவையகம் வாங்கினர். தேவையைப்போல் மூன்று மடங்கு இடமுள்ள மிகப்பெரிய வட்டு ஒன்றை வாங்கிவிட்டுப் பெருமை கொண்டனர். எழுத்தர் மாலையில் கேள்வியைத் தட்டிவிட்டு வீட்டுக்குப் போவார். மறுநாள் காலையில் சில வேளை விடை இருக்கும், சில வேளை பிழைச்செய்தி இருக்கும். எந்தப் பள்ளிகளுக்குச் சிறப்பு வகுப்பு வேண்டும் என்ற பட்டியல், அதற்கான கூட்டம் முடிந்த மறுநாள் வந்தது. கூட்டத்தில் முந்தைய ஆண்டின் பட்டியலைக் கொண்டே முடிவெடுத்தனர். அவ்வாண்டு புதிதாகப் பின்தங்கிய பள்ளிகளுக்குச் சிறப்பு வகுப்பு கிடைக்கவில்லை. அந்த வட்டில் பாதிக்குமேல் கடைசிவரை காலியாகவே இருந்தது.

கேள்வியைச் செதுக்குதல்

பணம் செலவிடாமல் வேகம் பெறும் வழிகளும் உள்ளன. 'கடைவாரியாக எவ்வளவு அரிசி விற்றது?' என்னும் கேள்விக்கு ஒவ்வோர் அட்டையின் வரியையும் படிக்கத் தேவையில்லை. ஒவ்வோர் இரவும் கடை, பொருள், நாள் என்ற மூன்றுக்குமான கூட்டுத்தொகையை எழுதிவைத்தால், 30,000 கடை, 4 பொருள், 25 வேலைநாள் என மாதத்திற்கு 30 லட்சம் வரிகளே ஆகும். 8 கோடியோடு ஒப்பிட இது ஏறத்தாழ 27-இல் ஒரு பங்கு. மூன்று மாதத்திற்கும் அரை கிகாபைட்டை எட்டாது. சாதாரணக் கணினியே சில நொடிகளில் விடை தந்துவிடும்.

மற்றொரு வழி, தரவை வரிவரியாக எழுதாமல் நெடுவரிசைகளாகப் பிரித்து எழுதுவது. மேற்கண்ட கேள்விக்குத் தேதி, கடை, பொருள், அளவு ஆகிய நான்கு போதும். அவை 14 பைட்டு. இரசீது எண்ணையும் அட்டை எண்ணையும் படிக்காமலே விட்டுவிடலாம். 50 பைட்டு வரியில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே படிக்கிறோம். ஒரே வகை எண்கள் அடுத்தடுத்து இருப்பதால் அவற்றைச் சுருக்கி எழுதுவதும் எளிது.

எனினும், கூட்டுத்தொகை சொல்லாத செய்தி ஒன்று உண்டு. 'மூன்று மாதமாக எதுவும் வாங்காத அட்டைகள் எவை?' என்று கேட்டால் ஒவ்வொரு வரியையும் படித்தே ஆகவேண்டும். அப்பட்டியலில் வருவோர் யார்? வேலை தேடி வெளியூர் சென்ற குடும்பம் இருக்கலாம். இறந்தவரின் பெயரில் நீடிக்கும் அட்டை இருக்கலாம். தனியே வாழும் மூதாட்டி ஒருவரும் இருக்கலாம். வாழ்நாளெல்லாம் களை பறித்துத் தேய்ந்துபோன விரலின் ரேகையைக் கருவி ஏற்காததால், கடைக்கு வந்து வெறும் பையோடு திரும்பியவர் அவர். முதல் இரண்டும் அரசுக்குக் கணக்கு; மூன்றாவது ஒருவருக்கு உணவு. அப்பட்டியல் மாத இறுதிக்குள் அலுவலரின் கைக்கு வராவிட்டால் அம்மாத அரிசி அவருக்கு இல்லை. ஆகையால் கூட்டுத்தொகைகளை நம்பிச் சேவையகத்தை மிகவும் சிறிதாக்கிவிடுதலும் பிழையே.

சோறும் பதமும்

இதுவரை கொண்ட 150, 200, 50 ஆகிய எண்கள் யாவும் பொதுவானவை. நம் தரவுக்கு, நம் கேள்விக்கு உண்மையான எண் என்ன என்பதை அளந்துதான் அறியவேண்டும். விலைப்பட்டியல்களை ஒப்பிடுவோர் டி.பி.சி.-எச் என்னும் பொதுத் தேர்வின் முடிவுகளைப் பார்ப்பதுண்டு. அதில் 22 கேள்விகள் வரையறுக்கப்பட்டுள்ளன. அவை மற்றவருடைய கேள்விகள். நம்முடைய கேள்விகளில் முக்கியமான ஐந்தையேனும் ஓட்டிப் பார்ப்பதே நன்று.

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். இங்கு அப்பழமொழியைச் சற்று எச்சரிக்கையோடு கையாள வேண்டும். ஒரு மாதத் தரவை மட்டும் ஏற்றிச் சோதித்தால் அது 4 கிகாபைட்டு. 64 கிகாபைட்டு நினைவகத்தில் முழுவதும் அடங்கிவிடும். எல்லாக் கேள்விக்கும் இமைப்பொழுதில் விடை வரும். வாங்கி நிறுவி, ஐந்தாண்டுத் தரவை ஏற்றிய பின்னரே வட்டின் உண்மை வேகம் தெரியவரும். சோதனைத் தரவு நினைவகத்தைவிடப் பல மடங்கு பெரிதாக இருத்தல் வேண்டும். கேள்வி கேட்போரும் ஒருவராக இராமல் பத்துப்பேராக இருத்தல் வேண்டும்.

சராசரியும் நம்மை ஏமாற்றும். மாதத்திற்கு 8 கோடி வரிகள் என்றால் வேலைநாளுக்கு 32 லட்சம். ஆனால் பொங்கலுக்கு முன் பரிசுத் தொகுப்பு வழங்கும் நாள்களில், 2 கோடி அட்டைகளுக்கும் ஐந்தே நாளில் கொடுப்பதாயின் நாளொன்றுக்கு அதற்கு மட்டும் 40 லட்சம் வரிகள் சேரும். வழக்கமான விற்பனையும் தொடர்ந்தால் அன்றிரவு ஏற்றவேண்டிய தரவு இரு மடங்கைத் தாண்டும். இரவில் ஏற்றி முடிக்காவிட்டால் காலை பத்து மணிக் கேள்விகள் முந்தைய நாளின் தரவைக் கொண்டே விடைபெறும். கிடங்கை அந்த ஐந்து நாளுக்காகவே அளக்க வேண்டும்.

வாடகைக்குக் கிடைக்கும் மேகக்கணிமையில் இக்கவலை குறைவு. வேண்டும்போது பெருக்கி, வேண்டாதபோது சுருக்கலாம். கணக்குப் போடும் வேலை மட்டும் குறைவதில்லை. கூகுளின் பிக்குவெரி போன்ற சேவைகளில் ஒரு கட்டணமுறை, படித்த பைட்டுகளுக்கு விலை பெறுவதாகும். கவனமின்றி எழுதிய கேள்வி அங்கே தாமதமாக வெளிப்படாமல் மாதக் கட்டணமாக வெளிப்படும்.

இறுதியாக, நம் கிடங்குக்கான கொள்முதல் பட்டியலை எழுதுவோம். 20 கோர் தேவை. சிக்கலான கேள்விகளுக்கு இடம்விட்டு 24. நினைவகம் 64 போதும். ஆனால் நினைவகம் வட்டுகளின் எண்ணிக்கையைக் குறைப்பதால் 128 கிகாபைட்டு, மேலும் சேர்க்கக் காலி இடங்களோடு. என்.வி.எம்.இ. வட்டு 2 டெராபைட்டில் இரண்டு, ஒன்றன் நகலாக மற்றொன்று. வட்டுகள் சேவையகத்துக்குள்ளேயே இருப்பதால் தனி வடம் வேண்டியதில்லை. மின்வழங்கி இரண்டு. காப்புநகலுக்கு வேறு கட்டடத்தில் தனி வட்டு. ஏனெனில் ஒருவர் தவறுதலாக ஒரு மாதத் தரவை அழித்துவிட்டால், இரட்டை வட்டு இரண்டிலும் அது அதே நொடியில் அழிந்துவிடும். ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே அது எந்தக் கேள்வியிலிருந்து வந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ஈராண்டு கழித்துக் கேள்விகள் மாறும்போது எதை மாற்றுவது என்று அந்தக் குறிப்பே காட்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் பள்ளியின் நாள்வருகைப் பதிவேட்டைப் பத்தாண்டுக்குச் சேர்த்துவைக்க எவ்வளவு இடம் வேண்டும்? ஒரு வரிக்கு எத்தனை பைட்டு எனக் கொண்டீர்கள், ஏன் என்பதையும் எழுதுக.

2. மேற்கண்ட பாடத்தில் விடைக்கான நேரம் 30 நொடிக்குப் பதிலாக 2 நிமிடம் எனில், வட்டுகளும் கோர்களும் எத்தனை வேண்டும்? கணக்கிடுக.

3. அருகிலுள்ள நியாயவிலைக் கடைக்குச் சென்று, விற்பனையாளரின் அனுமதியோடு, ஒரு விற்பனைக்குக் கருவியில் எத்தனை விவரங்கள் பதிவாகின்றன என அறிந்துவருக. பாடத்தில் உள்ள 34 பைட்டு கணக்கில் எவை விடுபட்டுள்ளன?

4. கூட்டுத்தொகையால் விடைகூற இயலாத கேள்விகள் இரண்டினை எழுதி, அவற்றின் விடை யாருக்கு, எந்த நாளுக்குள் தேவைப்படும் என விளக்குக.